‘தவிர்த்துக்கொள்ளுங்கள்’ என்பது மார்க்கத் தீர்ப்பா?



எல்லாப் புகழும் ஏக இறைவன் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

அமெரிக்காவில் குடியேறி வாழும் நம் தமிழ் முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வார இறுதி நாள்களில் இணையவழியே குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்து வருகிறோம். பாடம் முடிந்ததும் பெற்றோர் தம் மார்க்க ஐயங்களைக் கேட்பது வழக்கம். சென்ற ஆண்டு ஒரு சகோதரி இவ்வாறு எழுதிக் கேட்டிருந்தார்: “உஸ்தாத், இங்குள்ள சீன உணவகங்களில் விற்கும் பீஃப் வித் பிராக்கோலியைப் பிள்ளைகள் ஓயாமல் கேட்கிறார்கள். வெளியே வாங்கிக் கொடுக்க மனமில்லாமல் வீட்டிலேயே சமைத்துக் கொடுக்கிறேன். இது கூடுமா?”

நாம் எழுதிய பதில் ஒரே சொல்: ‘தவிர்த்துக்கொள்ளுங்கள்.’

அவ்வுணவு இன்னதென்று நமக்குத் தெரியாது. அதில் என்னென்ன சேர்க்கிறார்கள் என்று கேட்கவும் இல்லை. ‘தெரியாது’ என்று எழுத நாணினோம். பேணுதலான பதிலைச் சொல்லிவிட்டோம் என்ற மனநிறைவோடு உறங்கச் சென்றோம்.

இரண்டு மாதங்கள் கழித்து அதே சகோதரியிடமிருந்து நீண்டதொரு கடிதம் வந்தது. நம் பதிலைக் கண்டு அவர் அவ்வுணவை நிறுத்தியிருக்கிறார். காரணம் சொல்லாத தடை இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. பிள்ளைகள் பள்ளித் தோழர்களோடு வெளியில் உண்ணத் தொடங்குவார்களோ என்று அஞ்சி மீண்டும் சமைத்திருக்கிறார். பின்னர் ஒரு வீட்டு விருந்துக்கு அதையே சமைத்து எடுத்துச் சென்றிருக்கிறார். உண்ட பெண்கள் செய்முறை கேட்க, ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறார். இறைச்சியில் ஊற்றும் இரண்டு கரண்டி ‘ரைஸ் குக்கிங் ஒயின்’ பற்றியும் சொல்லியிருக்கிறார். மளிகைக் கடையில் வினிகர் புட்டிகளுக்கு அருகில் இருந்ததால், அதையும் ஒரு வகை வினிகர் என்றே ஓராண்டாக எண்ணியிருந்தாராம்.

அவ்விருந்தில் மூத்தவரான ஒரு மாமி அனைவர் முன்னிலையிலும், “அது சாராயம் அல்லவா? உண்டவர்கள் எல்லாருக்கும் நாற்பது நாள் தொழுகை போய்விட்டதே!” என்று சொல்லிவிட்டார். சகோதரி வீடு திரும்பிய உடனே சமைத்த வாணலியைக் குப்பையில் எறிந்தாராம். பத்து வயது மகன், “உம்மா, என் தொழுகையும் போய்விட்டதா?” என்று கேட்டானாம். ஓராண்டுத் தொழுகையைக் களாச் செய்ய வேண்டுமா என்று நம்மிடம் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தார்: “அன்று நான் கேட்டபோது, என்ன சேர்க்கிறீர்கள் என்று நீங்கள் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும், உஸ்தாத்.”

அந்த வரிக்கு நம்மிடம் மறுமொழி இல்லை. அவருடைய அனுமதியோடு இக்கட்டுரையை எழுதுகிறோம். ஒரு சட்டி இறைச்சியைக் குறித்து இவ்வளவு எழுத வேண்டுமா என்று எவரேனும் கேட்டால், அச்சிறுவனின் கேள்வியை மீண்டும் படிக்க வேண்டுகிறோம்.

முதலில், அச்சகோதரிக்குரிய பதில்

அறியாமல் செய்த தவறுக்குக் குற்றமில்லை. உள்ளம் வேண்டுமென்றே நாடிச் செய்வதே குற்றம் என்ற கருத்தை அல்லாஹ் தன் திருமறையில் (33:5) தெளிவுபடுத்துகிறான். மறதிக்கும் தவறுக்கும் பிடிக்காதிருக்குமாறு இறைஞ்சும் துஆவை அல் பகரா அத்தியாயத்தின் இறுதியில் அவனே நமக்குக் கற்றுத் தருகிறான். எனவே, வினிகர் என்று எண்ணி ஊற்றிய தாய்க்கும், தாய் பரிமாறியதை உண்ட பிள்ளைக்கும் பாவமில்லை. தெரிந்த கணத்தில் நிறுத்திவிட்டார்; அவர் மீதிருந்த கடமை அவ்வளவே.

மது அருந்தியவரின் தொழுகை நாற்பது நாள் ஏற்கப்படாது என்ற கருத்தில் ஹதீஸ் உண்டு (திர்மிதி, நஸாயீ). அது அறிந்தே அருந்துவோருக்கான எச்சரிக்கை. அவர்களுக்குங்கூட, தொழுகையின் நன்மை கிடைக்காதே தவிர, தொழுத தொழுகையைத் திரும்பத் தொழ வேண்டியதில்லை என்றே அறிஞர் பெருமக்கள் விளக்கியுள்ளனர். குடிகாரனுக்குரிய எச்சரிக்கையை எடுத்து, ஏதுமறியாத ஒரு தாயின் தலையில் வைப்பது எவ்வகை நீதி?

வாணலியையும் எறிந்திருக்க வேண்டியதில்லை. வேதக்காரர்கள் பன்றி இறைச்சி சமைத்து, மது அருந்தும் பாத்திரங்களைப் பற்றி அபூ ஸஅலபா (ரலி) அவர்கள் கேட்டபோது, வேறு கிடைக்காவிட்டால் நீரால் கழுவிவிட்டு அவற்றைப் பயன்படுத்துமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள் (அபூதாவூத்). பன்றி வெந்த சட்டிக்கே நீர் போதுமென்றால், இந்த வாணலி செய்த குற்றம் என்ன?

அந்த மாமியின் எண்ணம் நல்லதாகவே இருந்திருக்கும். குக்கிங் ஒயின் கூடாது என்று அவர் சொன்னதும் சரியே. ஆனால், கிராமத்து அரபி ஒருவர் அறியாமல் பள்ளிவாசலிலேயே சிறுநீர் கழித்தபோது நபி (ஸல்) அவர்கள் செய்தது என்ன? அதட்ட எழுந்த தோழர்களைத் தடுத்தார்கள். ஒரு வாளி நீரை ஊற்றச் சொன்னார்கள். பின்னர் அவருக்கு மென்மையாக எடுத்துரைத்தார்கள் (புகாரி, முஸ்லிம்). பள்ளிவாசலின் அசுத்தத்துக்கே ஒரு வாளி நீரும் ஓர் இனிய சொல்லும் போதுமாயிருந்தன. நம் விருந்துக் கூடங்களில் அவ்விரண்டுக்கும் ஏன் இத்தனை பஞ்சம்?

கொதித்தால் ஆவியாகிவிடுமா?

இனி, எதிர்த் திசையில் நிற்போரிடம் வருவோம். “இரண்டு கரண்டிதானே, அடுப்பில் ஊற்றினால் எல்லாம் ஆவியாகிவிடும்” என்பது அவர்கள் வாதம். நன்கு படித்தவர்களே இதை அறிவியல் போலச் சொல்கிறார்கள்.

அறிவியல் அப்படிச் சொல்லவில்லை. சமைத்த பின் உணவில் எஞ்சும் ஆல்கஹாலின் அளவை அமெரிக்க வேளாண்துறையே அட்டவணையிட்டு வெளியிட்டுள்ளது. உணவோடு கலந்து 15 நிமிடம் கொதிக்கவிட்டால் 40 விழுக்காடு எஞ்சுகிறது. ஒரு மணி நேரம் கொதித்தாலும் 25 விழுக்காடு இருக்கிறது. இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகும் 5 விழுக்காடு போவதில்லை. கொதிக்கும் குழம்பில் ஊற்றி உடனே இறக்கினால் 85 விழுக்காடு அப்படியே தங்கிவிடுகிறது. நாம் பேசும் உணவோ அனல் பறக்கும் வாணலியில் மூன்று நான்கு நிமிடங்களில் முடிந்துவிடுவது.

சீனச் சமையலில் பெயர் பெற்ற ஷாவோசிங் ஒயின் அரிசியிலிருந்து வடிக்கப்படும் மது. அதில் ஆல்கஹால் சுமார் 15 விழுக்காடு. சாதாரண பீரைப் போல் மூன்று மடங்கு. அமெரிக்க மளிகைக் கடைகளில் ‘குக்கிங் ஒயின்’ என்ற பெயரில் கிடைப்பதும் மதுவே. அருந்த இயலாதபடி உப்பைச் சேர்ப்பதால் மதுக்கடை உரிமமின்றி விற்க முடிகிறது. உப்பு அதன் சுவையைக் கெடுக்கிறதே தவிர, தன்மையை மாற்றுவதில்லை.

அப்படியே முழுதும் ஆவியாவதாக வைத்துக்கொண்டாலும் வாதம் நிற்காது. அதிகமாக அருந்தினால் போதை தருவதன் சிறிதளவும் விலக்கப்பட்டதே என்பது நபிமொழியின் கருத்து (அபூதாவூத், திர்மிதி). அநாதைகளுக்கு வாரிசுச் சொத்தாக வந்த மதுவைக் கொட்டிவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, அதை வினிகராக்கிக்கொள்ளலாமா என்று அபூ தல்ஹா (ரலி) அவர்கள் கேட்டார்கள். கூடாது என்பதே பதிலாயிற்று (அபூதாவூத்). அநாதையின் பொருளைக் காப்பதில் அத்தனை கண்டிப்பான மார்க்கம், மதுவின் முன் அப்பொருளையும் பொருட்படுத்தவில்லை. இறைச்சிக்கு மணம் வேண்டும் என்பது அநாதையின் தேவையைவிடப் பெரிய தேவையா? மேலும், ஊற்றுவதற்கு முன் அப்புட்டியை விலை கொடுத்து வாங்க வேண்டும். வீட்டில் வைத்திருக்க வேண்டும். மதுவை விற்பவர், வாங்குபவர், சுமப்பவர் உட்படப் பத்துப் பேரைக் குறித்த சாபம் நாம் அறியாததா (திர்மிதி)?

அந்நிய உணவு என்பதாலேயே ஆகாததா?

மூன்றாவது சாரார் ஒருவர் உண்டு. மதுவைப் பற்றி அவர்கள் பேசுவதேயில்லை. “சீனன் சாப்பாடு நமக்கு எதற்கு? பிற சமூகத்தாருக்கு ஒப்பாவது கூடாது என்ற ஹதீஸ் தெரியாதா?” என்று தொடங்கிவிடுவார்கள். உண்மையைச் சொன்னால், நமது ஒற்றைச் சொல் பதிலுக்குப் பின்னாலும் இந்த எண்ணமே ஒளிந்திருந்தது.

ஒப்பாதல் என்பது பிற மதத்தாரின் வழிபாட்டையும், அவர்களுக்கே உரிய மத அடையாளங்களையும் மேற்கொள்வது. இறைச்சியைக் காய்கறியோடு வதக்குவது எந்த மதத்தின் அடையாளம்? தபூக்கில் நபி (ஸல்) அவர்களிடம் பாலாடைக்கட்டி கொண்டுவரப்பட்டபோது, கத்தியை வரவழைத்து, அல்லாஹ்வின் பெயர் கூறி வெட்டினார்கள் என்று இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள் (அபூதாவூத்). பொரித்த உடும்பு விரிப்பில் வைக்கப்பட்டபோது, நபியவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். ஹராமா என்று காலித் பின் வலீத் (ரலி) கேட்டார்கள். இல்லை, தம் ஊரில் இல்லாத உணவாகையால் மனம் ஒப்பவில்லை என்றார்கள். நபியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே காலித் (ரலி) அதை உண்டார்கள் (புகாரி, முஸ்லிம்). ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பது வேறு. ‘மார்க்கத்தில் கூடாது’ என்பது வேறு. இவ்வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக எவர் கற்பிக்க இயலும்?

அந்நியம் என்று பேசுவோர் தம் வீட்டு மிளகாயை ஒரு கணம் எண்ணிப் பார்க்கட்டும். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் அமெரிக்கக் கண்டத்தில் விளைந்தவை. ஐரோப்பியர் கப்பல்களில் வந்து நம் குழம்புச் சட்டிக்குள் புகுந்தவை. நம் முன்னோர் அவற்றை மறுக்கவில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லிச் சமைத்தார்கள்.

பீஃப் வித் பிராக்கோலியின் வரலாறும் கேட்கத்தக்கதே. 1849இல் கலிஃபோர்னியாவில் தங்கம் தேடிப் பெருங்கூட்டம் திரண்டது முதலாகத் தென் சீனாவின் குவாங்டாங் மாகாணத்து ஏழை உழவர்கள் அங்கு சென்று குடியேறினர். சுரங்கம் தோண்டினர், மலையைக் குடைந்து இருப்புப்பாதை போட்டனர். 1882இல் சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வருவதையே அமெரிக்கா சட்டம் போட்டுத் தடுத்தது. அத்தடை 1943 வரை நீடித்தது. வணிகருக்கு மட்டும் விலக்கு இருந்தது. 1915இல் நீதிமன்றம் உணவகம் நடத்துவோரையும் வணிகராக ஏற்றபின், சீன உணவகங்கள் பெருகின. ஊரில் அவர்கள் உண்ட ‘கை லான்’ கீரை அங்கே எளிதில் கிடைக்கவில்லை. இத்தாலியக் குடியேறிகள் 1920களில் கலிஃபோர்னியாவில் வணிகப் பயிராக வளர்த்த பிராக்கோலியை அதனிடத்தில் சேர்த்தனர். அமெரிக்கர் விரும்பிய மாட்டிறைச்சியைக் கூட்டினர். அந்நிய மண்ணில் துரத்தப்பட்டவர்கள், கிடைத்ததைக் கொண்டு மானத்தோடு பிழைக்கக் கண்ட வழி இவ்வுணவு. கடல் கடந்து வாழும் நம் குடும்பங்களுக்கு இக்கதை புரியாததல்ல.

சீனச் சமையல் முஸ்லிம்களுக்குப் புதிதும் அல்ல. அதே குவாங்டாங் மாகாணத்தின் தலைநகரில் உள்ள ஹுவாய்ஷெங் பள்ளிவாசல், சீனாவின் மிகப் பழைய பள்ளிவாசல்களுள் ஒன்று. சீனாவில் ஹுய் முஸ்லிம்கள் மட்டுமே ஒரு கோடிக்கு மேல். தம் ஹலால் உணவை அவர்கள் ‘சிங்ஜென்’ என்கிறார்கள். தூய்மையும் உண்மையும் என்பது அச்சொல்லின் பொருள். பன்றியும் மதுவும் மலிந்த நாட்டில், அதே வாணலியில், அதே சோயா சாஸில், அவ்விரண்டையும் நீக்கி மாட்டிறைச்சி சமைத்துத் தலைமுறை தலைமுறையாக ஈமானைக் காத்தவர்கள் அவர்கள். ‘தவிர்த்துக்கொள்ளுங்கள்’ என்று மட்டும் சொல்லிவிட்டு அவர்களின் ஆலிம்கள் உறங்கியிருந்தால், அச்சமையல் பிறந்திருக்குமா?

பேணுதல் எது?

“ஐயமானதை விட்டுவிடுவதுதானே பேணுதல்? ஹதீஸ் இருக்கிறதே!” என்று நம் சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நம் தரப்பில் சொல்லக்கூடிய வாதங்களில் வலுவானது இதுவே.

ஹலால் தெளிவானது, ஹராமும் தெளிவானது, இரண்டுக்கும் இடையில் ஐயமானவை உள்ளன என்ற கருத்துடைய ஹதீஸை நாம் அனைவரும் மனனம் செய்திருக்கிறோம் (புகாரி, முஸ்லிம்). ஆனால் அதே ஹதீஸ், அவற்றை மக்களில் பலர் அறியமாட்டார்கள் என்கிறது. பலர் அறியார் எனில், சிலர் அறிவர் என்பதே பொருள். அச்சிலராக இருக்க வேண்டியவர் யார்? உஸ்தாத் என்றும் ஹஜ்ரத் என்றும் அழைக்கப்படுவோர் அல்லவா? புட்டியின் ஒட்டுத்தாளைப் படித்தால் ஒரு நிமிடத்தில் தீரும் ஐயத்தை ‘முஷ்தபிஹாத்’ என்று பெயரிட்டுப் பாதுகாத்து வைப்பது பேணுதல் ஆகாது. அது சோம்பல். அச்சோம்பலுக்குப் பேணுதல் என்ற தலைப்பாகையை நாமே கட்டிவிட்டோம்.

தன் மனத்துக்கு உறுத்துவதை ஒருவர் தாமாக விட்டுவிடட்டும், அது தக்வா. அதையே பிறருக்குத் தடையாக விதிக்க ஆதாரம் வேண்டும். நாவுக்கு வந்தபடி இது ஹலால், இது ஹராம் என்று சொல்வது அல்லாஹ்வின் மீது பொய்யை இட்டுக்கட்டுவதாகும் என அந்நஹ்ல் அத்தியாயம் (16:116) எச்சரிக்கிறது. அவ்வெச்சரிக்கையில் இரண்டு சொற்களும் உள்ளன. ஹராமை ஹலாலாக்குவோரைப் பற்றி மட்டும் மிம்பரில் பேசுகிறோம். ஹலாலை ஹராமாக்கும் குற்றம் அதே வசனத்தில்தான் இருக்கிறது.

அதன் விளைவையும் காண்கிறோம். எதைக் கேட்டாலும் ‘கூடாது’ என்றே கேட்டு வளரும் பிள்ளை, ஒரு நாள் கேட்பதை நிறுத்திவிடும். கேட்பதை நிறுத்திய பிள்ளை உண்பதை நிறுத்துவதில்லை. பிறகு உண்மையிலேயே கூடாத ஒன்றைக் குறித்து நாம் கதறினாலும், அதுவும் வழக்கமான ‘கூடாது’களில் ஒன்றாகவே அதன் காதில் விழும்.

இனி, அடுப்படி

கேள்விக்கு உரிய பதிலை இப்போது எழுதுகிறோம். இரண்டு மாதம் தாமதமாகக் கற்றோம், அச்சகோதரியிடமும் கேட்டறிந்தோம், நம் வீட்டில் நாமே சமைத்தும் பார்த்தோம்.

இறைச்சி: முஸ்லிம் கசாப்புக்காரரிடம் வாங்குவதே ஐயத்துக்கு இடமற்ற வழி, அமெரிக்காவின் பெருநகரங்களில் இன்று இது எளிது. விலாவுக்குக் கீழே வயிற்றுப்புறத்தில் இருக்கும் தட்டையான துண்டை ‘ஃபிளாங்க் ஸ்டேக்’ என்று கேட்டால் தருவார்கள். குழம்புக்கு வெட்டுவது போல் துண்டு போட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சோயா சாஸ்: இயற்கையாக நொதிக்கும்போது இதில் சுமார் 2 விழுக்காடு வரை ஆல்கஹால் தானே உண்டாகிறது. இது மதுவாக வடிக்கப்பட்டதன்று. எவ்வளவு உட்கொண்டாலும் போதை தருவதில்லை. எனவே சமகால ஆலிம்கள் பலர் இதை மதுவாகக் கருதுவதில்லை. நாமும் அக்கருத்தையே ஏற்கிறோம். சில தயாரிப்புகளில் கெடாமலிருக்கத் தனியாகவும் ஆல்கஹால் சேர்ப்பதுண்டு. ஒட்டுத்தாளில் உட்பொருள்களின் வரிசையில் அது இருக்கும். அதைத் தவிர்த்து, ஹலால் சான்று பெற்றதை வாங்குவது நன்று.

ஆய்ஸ்டர் சாஸ்: சிப்பியின் சாற்றிலிருந்து செய்யப்படுவது. இங்கே மத்ஹபு வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் கடல் வாழ்வன பொதுவாகக் கூடும் என்பதால் சிப்பியும் பெரும்பாலோர் கருத்தில் கூடும். ஹனஃபி மத்ஹபில் கடல் வாழ்வனவற்றுள் மீன் மட்டுமே கூடும்; எனவே சிப்பி கூடாது. நம் சமூகத்தில் இரு மத்ஹபினரும் ஒரே விரிப்பில் அமர்கிறோம். விருந்துக்குச் சமைப்பவர் காளானில் செய்த சைவ ஆய்ஸ்டர் சாஸை வாங்கிவிட்டால் ஒருவருக்கும் சங்கடமில்லை.

ஒயினும் வினிகரும்: அச்சகோதரியைப் போல் ஏமாறுவோர் பலர். ‘ரைஸ் ஒயின்’, ‘ரைஸ் குக்கிங் ஒயின்’, ‘மிரின்’ ஆகியவை மது, வாங்கவே கூடாது. ‘ரைஸ் வினிகர்’ என்பது வினிகர். ‘ரைஸ் ஒயின் வினிகர்’ என்று எழுதியிருப்பதும், பெயர் அச்சுறுத்தினாலும், அதே வினிகர்தான். வினிகரை நல்ல தொடுகறி என்று நபி (ஸல்) அவர்கள் பாராட்டியிருக்கிறார்கள் (முஸ்லிம்). மதுவின் இடத்தில் இஞ்சிச் சாறு ஒரு தேக்கரண்டியும் ரைஸ் வினிகர் அரைத் தேக்கரண்டியும் சேர்த்தால் இறைச்சியின் வாடை நீங்கிவிடுகிறது.

செய்முறை இதுதான். அரைக்கிலோ இறைச்சியை அரை மணி நேரம் உறைபெட்டியில் வைத்தால் சற்று இறுகும். மெல்லியதாக வெட்ட எளிதாகும். இறைச்சியின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறதென்று பார்த்து, அதற்குக் குறுக்கே மூன்று மில்லிமீட்டர் தடிப்பில் சீவ வேண்டும். கால் தேக்கரண்டி சமையல் சோடா, இரண்டு மேசைக்கரண்டி நீர், ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ், ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார், சிறிது எண்ணெய், மேற்சொன்ன இஞ்சிச் சாறு ஆகியவற்றைப் பிசறி அரை மணி நேரம் ஊறவிட வேண்டும். வினிகரை இதில் சேர்க்காமல் பிறகு குழம்பில் சேர்க்க வேண்டும். சேர்த்தால் சோடாவின் வேலையை அது கெடுத்துவிடும். கடைகளில் அவ்விறைச்சி வழுவழுப்பாகவும் மென்மையாகவும் இருப்பதன் இரகசியம் இந்தச் சோடாவும் மாவுமே; மது அன்று.

அரை கப் எலும்புச் சாறு, இரண்டு மேசைக்கரண்டி சோயா சாஸ், ஒரு மேசைக்கரண்டி காளான் சாஸ், ஒரு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி வினிகர், ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார் ஆகியவற்றைத் தனியே கலக்கி வைக்க வேண்டும். பிராக்கோலியைப் பூப்பூவாகப் பிரித்து, கொதிநீரில் ஒரு நிமிடம் இட்டு வடித்துவிட வேண்டும். வாணலியில் புகை கிளம்பும் வரை எண்ணெயைக் காயவிட்டு, இறைச்சியை இரண்டு மூன்று தவணையாகப் போட்டு, ஒவ்வொரு தவணையையும் ஓரிரு நிமிடம் வதக்கி எடுத்துவிட வேண்டும். பிறகு நறுக்கிய பூண்டும் இஞ்சியும் தாளித்து, பிராக்கோலியையும் இறைச்சியையும் சேர்த்து, கலக்கிய குழம்பை ஊற்றிக் கிளறினால், ஒரு நிமிடத்தில் கெட்டியாகிப் பளபளக்கும். இறக்கிய பின் வறுத்த எள்ளின் எண்ணெய் சில துளிகள். நம் நல்லெண்ணெயின் மணம் வேறு. அதற்கு இது ஈடாகாது. சோயா சாஸிலேயே உப்பு உள்ளதால் தனியே உப்பு வேண்டாம்.

நாம் முதன்முறை சமைத்தபோது, நாருக்கு நேராக வெட்டி, முழு இறைச்சியையும் ஒரே சமயத்தில் கொட்டிவிட்டோம். வாணலியில் நீர் விட்டுக்கொண்டு, இறைச்சி வதங்காமல் வெந்து ரப்பராயிற்று. நம் வீட்டார் ஒரு வாய் உண்டுவிட்டு, “பாடம் நடத்துவதைவிட இது கடினம் போலிருக்கிறதே!” என்றார்கள். உண்மைதான். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் துணை நின்றார்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி). அந்த ஹதீஸைப் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறோம். அடுப்படியில் நின்று ஒரு ஃபத்வாவின் எடையை உணர்ந்தது அன்றுதான். சமைக்காத கை ‘கூடாது’ என்று எழுதுவது மிக எளிது. அதைக் கேட்டு அடுத்த வேளைக்கு என்ன செய்வதென்று தவிப்பது வேறொரு கை.

நிறைவாக

ஆலிம் பெருமக்களுக்கும் சக ஆசிரியர்களுக்கும் நம் வேண்டுகோள் ஒன்றே. கேள்வி வந்ததும் பதில் சொல்லாதீர்கள். முதலில் ஒரு கேள்வி கேளுங்கள். ‘அதில் என்ன சேர்க்கிறீர்கள்?’ என்ற மூன்று சொற்கள் ஒரு குடும்பத்தை ஓராண்டுத் தவறிலிருந்து காக்கும். தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள். இமாம் மாலிக் (ரஹ்) போன்ற பெருந்தகைகளே பல கேள்விகளுக்குத் தெரியாது என்று சொல்லியிருக்க, நமக்கு அதில் என்ன இழுக்கு?

மூத்த தாய்மார்களே, இளைய மருமகளின் புட்டியில் தவறு கண்டால், அவரைத் தனியே அழைத்துச் சொல்லுங்கள். மாற்று இன்னதென்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘இரண்டு கரண்டிதானே’ என்போரே, அல்லாஹ்வின் தடையைக் கரண்டியால் அளக்காதீர்கள்.

அச்சகோதரி புதிய வாணலி வாங்கிவிட்டார். சென்ற மாதம் அவர் மகன் பாடம் தொடங்கும் முன், “உஸ்தாத், இன்று உம்மா பீஃப் பிராக்கோலி செய்தார்கள். ஒட்டுத்தாள் முழுவதையும் நான்தான் படித்துச் சொன்னேன்” என்றான். அத்தோடு, எலும்புச் சாற்றைக் கொஞ்சம் கூடுதலாக வைத்துப் பக்கத்து வீட்டுக்கும் ஒரு தட்டு கொடுத்தார்களாம். குழம்பு வைத்தால் நீரைக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் செய்த உபதேசத்தை (முஸ்லிம்) அவனுக்கு நாம் இன்னும் பாடமாக நடத்தவில்லை. அவனுடைய உம்மா நடத்திவிட்டார்.

அறியாமல் நாம் சொன்ன தீர்ப்புகளை அல்லாஹ் மன்னிப்பானாக! நம் உணவையும், அதைச் சமைக்கும் கைகளையும், நம் பிள்ளைகளின் கேள்விகளையும் அவன் பரக்கத்தாக்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.